அல்கந்தாரியாவில் குருத்தழுகல்: போர்டோ கலவை ஊற்றலாமா?

கேள்வி: செங்கல்பட்டு அருகே எங்கள் தோட்டத்தில் இரண்டடி அகலமுள்ள அல்கந்தாரியா இம்பீரியாலிஸ் 6 செடிகளைப் புரட்டாசியில் குழி எடுத்து, செம்மண்ணும் தொழு உரமும் போட்டு நட்டோம். அடைமழைக்குப் பின் இரண்டு செடிகளில் நடுக்குருத்து இழுத்தால் கையோடு வருகிறது, நாற்றமும் அடிக்கிறது. தென்னைக்கு ஊற்றுவதுபோல் போர்டோ கலவை ஊற்றலாமா?

பதில்: ஊற்றவே வேண்டாம். காப்பர் ஆக்சிகுளோரைடும் கூடாது. இரண்டிலும் இருப்பது தாமிரம். தென்னைக் குருத்தழுகல்போல்தான் தெரியும். ஆனால் அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் செடிகள் தாமிரத்தைத் தாங்காது. தண்ணீரையும் சத்தையும் இவை இலையடியில் உள்ள நுண்செதில்கள் வழியே உறிஞ்சுகின்றன. அதே வழியில் தாமிரமும் போய் மிச்சக் குருத்தையும் கருக்கிவிடும். தென்னைக்கு மருந்தடித்த தெளிப்பானைக்கூடக் கழுவாமல் இதற்கு எடுக்காதீர்கள்.

முதலில் செடியைக் கிளப்பித் தலைகீழாகக் கவிழ்த்து, இலைகளுக்கு நடுவே உள்ள கிண்ணத்தில் நிற்கும் தண்ணீரை வடியுங்கள். அழுகிய இலைகளை ஒவ்வொன்றாக உரித்தால், கெட்டியான வெள்ளைப் பகுதி வரும், அங்கே நிறுத்துங்கள். இரண்டு நாள் நிழலில் உலர்த்திய பின், லிட்டருக்கு 2 கிராம் ஃபொசெட்டைல் அலுமினியம் என்ற பூஞ்சாணக் கொல்லியைக் கரைத்துக் குருத்திலும் தூரிலும் ஊற்றுங்கள். பழுப்பு தண்டுவரை இறங்கியிருந்தால் அந்தக் குருத்து பிழைக்காது. அப்போதும் தூக்கிப் போட்டுவிடாமல் அடி இலை இடுக்கைப் பாருங்கள். இளஞ்செடிகளில் அங்கே புல்போல மெல்லிய பக்கக் கன்றுகள் இருக்கும். நாலைந்து அங்குலம் ஆனதும் பிரித்து நடலாம்.

கோளாறு குழியில்தான். பிரேசிலில் ரியோ டி ஜெனிரோ பக்கத்து மலைகளில் இது கருங்கல் பாறைச் சரிவில் வளர்வது. வேருக்கு முக்கிய வேலை பிடிமானம். செம்மண் குழி மழையில் தொட்டியாகிவிடும். மீதி நாலையும் இப்போதே கிளப்பி, ஒன்றரையடி உயர மேட்டில் நடுங்கள். உரித்த தேங்காய் மட்டைத் துண்டு 3 பங்கு, செங்கல் துண்டு அல்லது முக்கால் ஜல்லி 2 பங்கு, மக்கிய இலை உரம் 1 பங்கு போதும். மட்டைத் துண்டை இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்து உப்பை இறக்குங்கள். அடி இலை மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். ஆடினால் கல் முட்டுக் கொடுங்கள், மண் அணைக்காதீர்கள். இடைவெளி 2 மீட்டர். முழு வளர்ச்சியில் இலைக்கூட்டமே ஒன்றரை மீட்டர் அகலம் போகும்.

நிழல்வலைக்குள் வளர்ந்த செடியை நேரே வெயிலில் வைத்தால் இலையில் வெள்ளைத் தழும்பு விழும். ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு சிறிது சிறிதாகப் பழக்குங்கள். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் கிண்ணத்தில் வற்ற வற்ற உப்பு ஏறி நுனி கருகும். வாரம் ஒருமுறை ஹோஸ் வைத்துப் பழைய தண்ணீர் வழிந்தோடும்வரை அலசுங்கள். ஏடிஸ் கொசுப் புழுவும் போய்விடும். அதற்கும் மேல் புழு இருந்தால் பி.டி.ஐ. என்ற கொசுப் புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்தைப் போடலாம். மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய் எதுவும் கிண்ணத்துக்குள் போகக் கூடாது, செதில் அடைத்துக்கொள்ளும். யூரியாவும் அப்படித்தான்: குருத்தைச் சுடும், நிறமும் போய்ப் பச்சையாக நீண்டு தொங்கும்.

பூவுக்கு அவசரப்பட வேண்டாம். பத்தாண்டு பக்கம் ஆகலாம்; ஆளுயரத்துக்கு மேல் தண்டு விட்டுப் பூத்ததும், குலை தள்ளிய வாழைபோல் தாய்ச்செடி மெல்லக் காயும். அழுகிய இரண்டும் பிழைக்காவிட்டால், அந்த இடத்துக்கு இதே குடும்பத்து அக்மியா பிளாஞ்செட்டியானா வைத்துப் பாருங்கள். பிரேசில் கடலோர மணலில் வளர்வது, முழு வெயிலில் ஆரஞ்சு நிறமாகும், பக்கக் கன்றும் நன்றாக விடும். இலை ஓரத்தில் முள் உண்டு. நடைபாதையிலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள்.