மாப்பிள்ளையின் படகு, மாமனாருக்கு பில்

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சின்ன காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன், வயது 67. மாப்பிள்ளை ஆஸ்திரேலியக் குடிமகன். அவரும் என் மகளும் 42 அடி பாய்மரப் படகில் கடல் கடலாகச் சுற்றுகிறவர்கள். 2025 ஜனவரிக் கடைசியில் இலங்கையிலிருந்து கொச்சிக்கு வந்து 19 நாள் இருந்தார்கள். அங்கே ஒரு ஏஜென்ட் எல்லா வேலையும் பார்த்தார், அவர் கணக்குக்கு நான் ஒரு லட்சம் முன்பணம் அனுப்பினேன். படகு மாலத்தீவுக்குப் போன பிறகு 3,63,440 ரூபாய்க்கு பில் வந்தது. "இது கொள்ளை, கட்டாதீங்க மாமா" என்கிறார் மாப்பிள்ளை. இப்போது, மீதி 2,63,440 ரூபாயை 15 நாளில் தராவிட்டால் என் மேல் வழக்கு, மோசடிப் புகார், படகு இந்தியாவில் எங்கே வந்தாலும் பிடிப்போம் என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. கட்ட வேண்டுமா?

பதில்: ஐயா, மலையில் காப்பிக்கொட்டை காயப்போடுகிறவருக்குக் கொச்சிக் கடலில் நங்கூரம் போட்ட கணக்கு வருவது விசித்திரம்தான். எனக்கும் இது அடிக்கடி வரும் வழக்கு இல்லை. அஸ்தம்பட்டி கோர்ட்டில் நான் தினமும் பார்ப்பது செக் பவுன்ஸ், பாகப்பிரிவினை, மிஞ்சினால் ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் கணக்குத் தகராறு. ஆனாலும் பில்லையும் நோட்டீஸையும் நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் பேச்சையும் இரண்டு முறை படித்துவிட்டேன். மீதியைக் கட்டாதீர்கள். அதற்காக நோட்டீஸைத் தூக்கிப் பரணில் போட்டுவிடவும் வேண்டாம், ஏனென்றால் உங்கள் பக்கம் ஒரு ஓட்டை இருக்கிறது.

கையெழுத்துப் போடவில்லை, சரி. ஆனால் படகு வந்த இரண்டாம் நாள் ஏஜென்டுக்கு நீங்களே அனுப்பியது இது: "பில் எவ்வளவு ஆனாலும் பார்த்துக்கலாம் தம்பி, மாப்பிள்ளை தரலைன்னா நான் தர்றேன், வேலை நிக்கக்கூடாது." பெரிய மனசோடு சொன்ன வார்த்தைதான், ஆனால் சட்டத்தில் இதற்குப் பேர் உத்தரவாதம். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 126-வது பிரிவுப்படி உத்தரவாதம் வாய்வார்த்தையாகவே இருக்கலாம், முத்திரைத்தாள் எல்லாம் வேண்டியதில்லை. அதனால் 'எனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை' என்று பதில் நோட்டீஸ் அனுப்பச் சொல்கிற யோசனையை (உங்கள் மச்சான் சொன்னதாக எழுதியிருந்தீர்கள்) விட்டுவிடுங்கள், அந்த ஒரு வரியை அவர்கள் கோர்ட்டில் காட்டியதும் நீங்கள் சொல்லும் மற்ற நியாயமும் சேர்ந்து அடிபட்டுப் போகும். அந்தச் செய்தியை அழிக்கவும் அழிக்காதீர்கள். அது அவர் போனிலும் இருக்கிறது, தவிர அதே பேச்சில்தான் நமக்கு வேண்டிய சரக்கும் இருக்கிறது.

உத்தரவாதம் கொடுத்தவரின் பொறுப்பு, கடன்பட்டவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவுதான் என்கிறது 128-வது பிரிவு. நமக்குப் பிடிமானம் அதுதான். மாப்பிள்ளை சட்டப்படி தர வேண்டிய தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூட உங்களிடம் கேட்க முடியாது. ஆகவே பில் சரியா என்று பார்க்க வேண்டும்.

பில்லில் முதலில் இருப்பது போர்ட் டியூஸ், அதாவது துறைமுகத்துக்குள் வருவதற்கான கட்டணம், 62,000. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் புதிய துறைமுகச் சட்டத்தை நிறைவேற்றியது, ஆனால் படகு வந்து போனது அதற்கு முன்பே, ஆகவே இந்த பில்லுக்குப் பொருந்துவது 1908-ம் ஆண்டு இந்தியத் துறைமுகச் சட்டம். அதன் 48-வது பிரிவில் யார் யாரிடம் போர்ட் டியூஸ் வாங்கக்கூடாது என்று சொல்லும் இடத்தில் முதல் பெயரே உல்லாசப் படகுதான், அதாவது யாட். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், தன் நண்பர்களின் படகுகளை நினைத்து எழுதினானோ என்னவோ, இன்றைக்கு உங்களுக்கு உதவுகிறது. படகில் கூட வந்த இரண்டு நண்பர்கள் சாப்பாட்டுச் செலவைப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று சொன்னீர்கள், அது பரவாயில்லை. ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று டிக்கெட் மாதிரிப் பணம் வாங்கியிருந்தால் உல்லாசப் படகு என்ற வாதமே ஆட்டம் காணும், இதை மாப்பிள்ளையிடம் நேராகக் கேட்டு எனக்குச் சொல்லுங்கள்.

அப்புறம் ஆங்கரேஜ், 19 நாளுக்கு 57,000. கடலில் நங்கூரம் போட்டதற்குமா காசு என்று மாப்பிள்ளை கோபப்படுகிறார், அது சரியில்லை. 48-வது பிரிவு தள்ளுபடி செய்வது போர்ட் டியூஸை மட்டும்தான், நங்கூரம் போடுகிற இடத்துக்கும் தண்ணீருக்கும் குப்பை அள்ளுவதற்கும் வாங்கும் கட்டணங்கள் வேறு வகை. ஓமலூர் டோல்கேட்டில் ஒரு வண்டிக்கு விலக்கு இருக்கிறது என்பதற்காக ஊருக்குள் போய் அதை இலவசமாக பார்க்கிங் செய்ய முடியாதல்லவா, அதுபோலத்தான். கொச்சி மாதிரிப் பெருந்துறைமுகங்களில், 2021-ம் ஆண்டுப் பெருந்துறைமுக ஆணையச் சட்டம் வந்த பிறகு, இந்தக் கட்டணங்களைத் துறைமுக ஆணையத்தின் வாரியமே நிர்ணயிக்கிறது. கட்டண அட்டவணையை அவர்கள் இணையதளத்தில் பார்க்கலாம், ஏஜென்ட் போட்ட நாளுக்கு 3,000 அதில் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப்பட்டது வேறு விஷயம். மாப்பிள்ளை அனுப்பிய ரசீதுகளில், 19 நாளில் 12 நாள் படகு போல்காட்டியில் உள்ள கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் மெரினாவில் (உல்லாசப் படகுகளைக் கட்டி நிறுத்தும் துறை) கட்டிக் கிடந்ததற்கு அவரே நேரடியாகப் பணம் கட்டிய ரசீது இருக்கிறது. ஒரே படகு ஒரே ராத்திரியில் மெரினாவிலும் கட்டிக் கிடந்து வெளியே நங்கூரத்திலும் எப்படி நிற்கும்? ஏழு நாளுக்கு, அவர் சொல்லும் கணக்கிலேயே 21,000. அவ்வளவுதான்.

பைலட், அதாவது துறைமுகத்துக்குள் கப்பலுக்கு வழிகாட்ட ஏறுகிறவர், 48,000. அதே 1908 சட்டத்தின் 31-வது பிரிவுப்படி 200 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பலுக்குத்தான் பைலட் கட்டாயம், மாப்பிள்ளை படகு 20 டன்கூட வராது. சின்னப் படகு எழுத்துமூலம் அனுமதி வாங்கிக்கொண்டு பைலட் இல்லாமல் வந்து போகலாம். சட்டம் கிடக்கட்டும், ஒருவராவது படகில் ஏறினாரா? உங்கள் மகள் யாரும் ஏறவில்லை என்கிறார். அதேபோல, கஸ்டம்ஸ் ஓவர்டைம் 36,000 என்பது இல்லாத கட்டணம் இல்லை, அலுவல் நேரத்துக்கு வெளியே அதிகாரிகளை வரவழைத்தால் அரசுக்கே கட்ட வேண்டும், அதற்கு ரசீதும் உண்டு. ஆனால் படகின் லாக் புத்தகத்தில் (பயணக் குறிப்பேடு) வந்தது புதன்கிழமை காலை 11 மணி, கிளம்பியதும் வேலை நாள் மதியம்.

'இதர செலவு 45,000' என்பதைப் பற்றி ஏஜென்ட் போனில் உங்களிடம் "மேல்செலவுங்க சார், புரிஞ்சுக்கங்க" என்றாராம். நன்றாகவே புரிகிறது. அப்படிக் கொடுத்திருந்தால், சட்டவிரோத நோக்கத்துக்கான பணத்தை ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவுப்படி எந்தக் கோர்ட்டிலும் கேட்க முடியாது. கொடுக்கவே இல்லை என்றால் அது வெறும் பொய்க்கணக்கு. ஆனால் பதில் நோட்டீஸில் லஞ்சம் என்ற வார்த்தையை நாமாக எழுத வேண்டாம், 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தில் கொடுப்பவரும் நேரடியாகக் குற்றவாளிதான், யார் சொல்லிக் கொடுத்தது என்ற கேள்வி உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரும். 'விவரமும் ரசீதும் தருக' என்று கேட்டால் போதும், அவரே அந்த வரியை எடுத்துவிடுவார்.

கமிஷன் 60,000 என்று போட்டிருக்கிறார், வாட்ஸ்அப்பில் ஒத்துக்கொண்டது 25,000. கடைசியாக மொத்தத் தொகை 3,08,000-க்கும் 18 சதவீத ஜிஎஸ்டி, 55,440. துறைமுகத்துக்குக் கட்டியதை அப்படியே திரும்ப வாங்குகிற ஏஜென்ட், அந்தத் தொகைகளை பில்லில் தனியாகக் காட்டி, கட்டிய அளவுக்கு மேல் வாங்காமல் இருந்தால் அதன் மேல் அவர் ஜிஎஸ்டி போட வேண்டியதில்லை, ஜிஎஸ்டி விதிகளில் 33-வது விதி. 25,000 கமிஷனுக்கு வரி 4,500. ஆக 21,000, 25,000, 4,500, கூட்டினால் 50,500. அதுவும் ஆங்கரேஜுக்கு ரசீது காட்டினால். நீங்கள் ஏற்கெனவே கொடுத்தது ஒரு லட்சம்.

ரசீது, ரசீது என்று நான் ஏன் இத்தனை தடவை சொல்கிறேன் என்றால், 1908 சட்டத்தின் 38-வது பிரிவில் துறைமுகக் கட்டணம் வாங்குகிறவர் எந்தத் துறைமுகம், படகின் பெயர் என்ன, எத்தனை டன் என்றெல்லாம் எழுதி ரசீது தர வேண்டும் என்று இருக்கிறது. 43-வது பிரிவுப்படி கட்டண பாக்கி இருந்தால் படகுக்குப் புறப்பாட்டு அனுமதியே கிடைக்காது. மாப்பிள்ளை அனுமதி வாங்கிக்கொண்டுதான் போயிருக்கிறார். அப்படியென்றால் துறைமுகத்துக்கு பாக்கி இல்லை. ஏஜென்ட் தன் கையிலிருந்து கட்டியிருந்தால், மேலே சொன்ன ரசீது அவர் பீரோவில் இருந்தாக வேண்டும். கேட்டால் சரியான கணக்குக் காட்டுவது ஏஜென்டின் கடமை என்று ஒப்பந்தச் சட்டம் 213-வது பிரிவு சொல்கிறது.

அவர் காட்டவில்லை என்றால் நாமே துறைமுக ஆணையத்திடம் ஆர்டிஐ போட்டு, இந்தப் பெயருள்ள படகுக்கு இந்தத் தேதிகளில் என்ன வசூலித்தீர்கள் என்று கேட்கலாம், பத்து ரூபாய், 30 நாள். ஆர்டிஐ இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்தான், மாப்பிள்ளை, இந்தியத் தொடர்புள்ள வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அவர் பெயரில் போட முடியாது, அதனால் நீங்கள் போடுங்கள், படகின் சொந்தக்காரர் என்ற முறையில் அவரிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கிக்கூடவே வையுங்கள்.

மிரட்டல்களுக்கு வருகிறேன். மோசடிப் புகார் என்பது சும்மா. கணக்குத் தகராறு மோசடி ஆகாது, அதுவும் ஒரு லட்சம் முன்பணம் கொடுத்தவர் மேல். சிவில் வழக்கு போடலாம், சேலத்திலும் போடலாம், வேலை நடந்த இடம் என்று எர்ணாகுளத்திலும் போடலாம், எர்ணாகுளம் என்றால் உங்களுக்கு ரயில் அலைச்சல். படகைப் பிடிப்போம் என்பது மட்டும் வெறும் பேச்சு இல்லை. கப்பல் வழக்குகளுக்கான 2017-ம் ஆண்டு அட்மிரால்டி சட்டப்படி, படகுக்காகச் செய்த செலவு, ஏஜென்ட் கமிஷன் இரண்டுக்குமே உயர் நீதிமன்றம் படகைக் கைது செய்யலாம், அந்த அதிகாரம் கேரளத்துக்கும் உண்டு, சென்னைக்கும் உண்டு. இப்போது படகு இந்தியக் கடலில் இல்லை, அதனால் பயமில்லை. ஆனால் அடுத்த சீசனில் சென்னைக்கு வருவதாக மகள் சொன்னாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முன் இதை முடித்தாக வேண்டும்.

எப்படி முடிப்பது? பத்து நாளுக்குள், ஸ்பீட் போஸ்டில், 50,500 கணக்கைக் காட்டி, ரசீது கேட்டு, 49,500 திருப்பிக் கேட்டு பதில் நோட்டீஸ். பதில் வராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார். 2019 சட்டப்படி புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, காலக்கெடு இரண்டு வருஷம், செய்த வேலைக்கு ரசீது தராததே முறையற்ற வணிகம் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. வாட்ஸ்அப் பேச்சைச் சாட்சியமாகக் கொடுக்க 2023-ம் ஆண்டுப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் வேண்டும், அதை நான் தயார் செய்து தருகிறேன், போனை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

மானம் போகிறது, கட்டிவிட்டு மாப்பிள்ளையிடம் வாங்கிக்கொள்கிறேன் என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 145-வது பிரிவையும் சொல்லிவிடுகிறேன்: உத்தரவாதம் கொடுத்தவர் முறையாகக் கட்டியதைத்தான் கடன்பட்டவரிடம் திரும்பக் கேட்கலாம், கட்டக்கூடாததைக் கட்டினால் அது அவர் கைநஷ்டம். மாப்பிள்ளை 'கட்டாதீங்க மாமா' என்று எழுத்தில் வேறு சொல்லியிருக்கிறார். நோட்டீஸ் வந்த கவரைக் கிழித்துப் போடவில்லையே? தபால் முத்திரைத் தேதியோடு அதையும், ஒரு லட்சம் அனுப்பிய வங்கி ஸ்டேட்மென்டையும், லாக் புத்தகத்தின் நகலையும் திங்கட்கிழமை மலையிலிருந்து இறங்கும்போது கையோடு எடுத்து வாருங்கள்.