பார்த்தது என்ன? வாசகர் படமும் கேள்வியும்

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கும் படிப்புக்கும் சந்தைக்கும் போய்வருகிறவர்கள், வழியில் பார்த்துப் புரியாத எதையாவது போனில் படம் எடுத்து அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். விதான சௌதா படத்தையும் செல்ஃபியையும் ஒதுக்கி வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். "இது என்ன?" என்று கேட்டு வந்த படங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். எல்லாப் படத்தையும் அச்சிட இங்கே இடம் இல்லை, அதனால் படத்தில் இருப்பதைக் கேள்வியிலேயே சேர்த்துவிட்டேன்.

பசவனகுடியில் நடைபாதை ஓரக் கல் ஒன்றை எடுத்திருக்கிறேன். கல்லின் விளிம்பில் வரிசையாக, பல் பதிந்த மாதிரி அரைவட்டக் குழிகள். எழுத்தா, குறியீடா? (வாசகர், பர்கூர்)

பர்கூர்க்காரர் இதைக் கேட்டது எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் பதில் உங்கள் ஊரைச் சுற்றியுள்ள குவாரிகளிலேயே இருக்கிறது. அது கல்லைப் பிளந்த தடம். பாறையில் முதலில் கல்லின் வாட்டம் பார்த்து, எந்தப் பக்கம் போனால் நேராக விடும் என்று முடிவு செய்து, அந்தக் கோட்டில் வரிசையாகக் குழி போடுவார்கள். ஒவ்வொரு குழியிலும் இரும்பு ஆப்பை இறக்கி, சம்மட்டியால் ஒன்றன்பின் ஒன்றாக, எதையும் அவசரப்படுத்தாமல், முதல் ஆப்பிலிருந்து கடைசி ஆப்பு வரை போய்த் திரும்ப முதலிலிருந்து அடித்துக்கொண்டே வருவார்கள். கணீர் என்று இருந்த சத்தம் ஒரு கட்டத்தில் மாறும், பழகின காதுக்கு அப்போதே தெரிந்துவிடும். பிளவு சரியாகக் குழிகளின் நடுவே ஓடுவதால் ஒவ்வொரு குழியும் இரண்டாகிறது. பாதி இந்தக் கல்லில், பாதி அந்தக் கல்லில். நீங்கள் பார்த்தது அந்தப் பாதி.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழு குழி தெரிகிறது. மூன்றாவதும் நான்காவதும் கொஞ்சம் நெருங்கி இருக்கின்றன, ஐந்தாவது மற்றதைவிட ஆழம் குறைவு, அடிப்பாகம் வழவழப்பாக உருண்டிருக்கிறது. இப்படி ஒன்றுக்கொன்று மாறுபட்டு இருந்தால் பெரும்பாலும் கையால் உளி பிடித்துப் போட்ட குழி. மிஷினில் போட்டது என்றால் நீளமாக, குழாயை நெடுக்கில் வெட்டின மாதிரி, எல்லாம் ஒரே அளவில் இருக்கும். மாமல்லபுரத்தில் பாதியில் விட்ட பாறைகளிலும் இதே மாதிரி ஆப்புக் குழி வரிசை உண்டு, அங்கே குழிகள் சதுரமாக இருக்கும். அடுத்த தடவை லால்பாக் போனால் அந்தப் பெரிய பாறை மேல் ஏறி நில்லுங்கள். சுமார் 300 கோடி ஆண்டு வயது, தேசியப் புவியியல் நினைவிடமாக அறிவிக்கப்பட்ட பாறை அது. ஓசூர் தாண்டி ஆனேக்கல் பக்கம் வயல் ஓரமாகக் கற்பலகையை வரிசையாக நட்டு வேலி போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்தப் பலகைகளின் விளிம்பிலும் இந்தப் பல் வரிசை இருக்கும். பஸ் நிற்கும்போது பாருங்கள்.

எங்கள் ஏரிக்கரையில் ஒரு நடுகல் இருக்கிறது. எவ்வளவு தடவை எடுத்தாலும் எழுத்து படத்தில் விழவில்லை. சாக்பீஸ் தேய்த்தால் தெரியும் என்கிறார்கள், செய்யலாமா? (வாசகி, காவேரிப்பட்டணம்)

வேண்டாம் அம்மா, தயவுசெய்து வேண்டாம். சாக்பீஸ், மாவு, எண்ணெய், பெயிண்ட் எதுவுமே கூடாது. சாக்பீஸைத் தேய்க்கும்போது எது எழுத்து என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அதைத்தான் வெள்ளையாக்குகிறீர்கள். இல்லாத கோடு எழுத்தாகிவிடும், இருக்கிற எழுத்து மறைந்துவிடும். அப்புறம் அதைக் கழுவ யாராவது பிரஷ் போட்டுத் தேய்ப்பார்கள், கல் தேயும்.

வெளிச்சம்தான் மருந்து. நீங்கள் எடுத்த நேரம் மத்தியானம், நிழல் கல்லின் காலடியிலேயே இருக்கிறது. உச்சி வெயில் நேராக விழுந்தால் வெட்டின பள்ளத்துக்கும் மேடுக்கும் வித்தியாசமே தெரியாது. காலையில் வெயில் வந்த முதல் அரை மணியிலோ, சாயங்காலம் இறங்குகிற வெயிலிலோ, கல்லின் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் வருகிற நேரம் பார்த்துப் போங்கள். கல் வடக்கு பார்த்து நின்று வெயிலே படவில்லை என்றால், இருட்டின பிறகு ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய், டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் ஒட்டினாற்போலப் பிடிக்கச் சொல்லி எடுங்கள். இடது பக்கமிருந்து ஒன்று, வலது பக்கமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று. ஒவ்வொன்றிலும் வேறு வேறு எழுத்து எழுந்து வரும். நான் முதல் தடவை இப்படிப் பார்த்தபோது, பகலில் வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில் வீரனின் கொண்டையும், இடுப்புக் குறுவாளும், அவன் காலுக்குப் பின்னால் ஒரு மாட்டின் கொம்பும் வந்து நின்றன. அன்றைக்கு வீட்டுக்குப் போகவே மனம் வரவில்லை.

உங்கள் படத்துக்கு என்ன மதிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பெங்களூர் ஹெப்பாளில் 2018-இல் கண்டெடுத்த கிட்டய்யா நடுகல் சுமார் கி.பி. 750-ஐச் சேர்ந்தது, பழைய கன்னட எழுத்து. அவ்வளவு பெரிய நகரத்தின் நடுவில், அத்தனை கட்டடங்களுக்கு இடையில் அது கிடந்தது. பேகூரில் இருக்கிற இன்னொரு நடுகல்லில், சுமார் கி.பி. 890-ஐச் சேர்ந்தது, 'பெங்களூரு' என்ற பெயரே வருகிறது. இந்த மாதிரிக் கல்வெட்டுகளை அங்கே மிதிக் சொசைட்டி என்கிற ஆய்வு அமைப்பு முப்பரிமாணமாக ஸ்கேன் செய்து காப்பாற்றி வருகிறது, எங்கே கல் இருக்கிறது என்று தகவல் கொடுப்பதில் சாதாரண மக்களுக்கும் பங்கு உண்டு. நடுகல்லில் நம் இரண்டு மாவட்டமும் பணக்கார மாவட்டங்கள். படத்தோடு ஊர்ப் பெயர், எந்த ஏரி, கல் எந்தத் திசை பார்த்திருக்கிறது என்று எழுதி, தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இருக்கிற அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

நல்ல படம் எடுக்க எந்த போன் வாங்கலாம்? (வாசகர், அரூர்)

கையில் இருக்கிறதே போதும். லென்ஸைச் சட்டையில் துடைத்துவிட்டு எடுங்கள், பாதிப் படம் மங்குவது விரல் அழுக்கால்தான். ஜூம் செய்யாமல் கிட்டே போங்கள். ஒரு பொருளுக்கு மூன்று படம்: அது இருக்கிற தெருவோடு ஒன்று, முழுசாக ஒன்று, பக்கத்தில் பேனாவோ நாணயமோ வைத்து ரொம்ப நெருக்கத்தில் ஒன்று. எந்த இடம் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். இடம் தெரியாமல் வந்த பதினோரு படத்துக்கு இந்த மாதம் என்னால் ஒன்றுமே சொல்ல முடியவில்லை.

பிப்ரவரியில் பெங்களூரில் இலையே இல்லாமல் மரம் முழுக்க ரோஸ் கலரில் பூத்திருந்தது. கூட இருந்தவள் செர்ரி என்கிறாள். (கல்லூரி மாணவி, பென்னாகரம்)

செர்ரி இல்லை, தபேபுயா. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து வந்த மரம். பெங்களூரில் ஒரு மரம் பூத்து முடிந்தால் இன்னொரு மரம் தொடங்குகிற மாதிரி இருப்பது தற்செயல் இல்லை. 1908-இல் லால்பாக் பொறுப்புக்கு வந்த ஜெர்மானியர் க்ரும்பீகல், வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று பூக்கும்படி தெரு மரங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று திட்டமிட்டவர். அந்த எண்ணம் அவருக்குப் பிறகும் ஊரில் தங்கிவிட்டது. மரத்தைவிட, நிறுத்தி வைத்த ஆட்டோவின் கூரையில் பூ உதிர்ந்து கிடக்கிற உங்கள் இரண்டாவது படம்தான் அழகு.

ஜெயநகரில் தள்ளுவண்டியில் மிளகாய்த்தூள் போட்டு விற்ற மாங்காய் நம்ம ஊர் பெங்களூரா மாதிரியே இருந்தது. ஆனால் வேறு பெயர் சொல்கிறார்கள். (வாசகர், போச்சம்பள்ளி)

அதேதான். நாம் பெங்களூரா என்கிறோம், கிளிமூக்கு என்கிறோம். பெங்களூரில் தோத்தாபுரி. 'தோத்தா' என்றால் இந்தியில் கிளி. கிருஷ்ணகிரி மாங்கூழ் தொழிற்சாலைகளுக்கு லாரி லாரியாகப் போவதும் இதுதான்.

மைல் கல்லின் தலை ஓர் இடத்தில் மஞ்சள், ஓர் இடத்தில் பச்சை. கட்சிக் கலரா? (லாரி ஓட்டுநர், பாலக்கோடு)

இல்லை அண்ணா, சாலையின் வகை. மஞ்சள் தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு கிராமச் சாலை, கறுப்போ நீலமோ இருந்தால் மாவட்ட, நகரச் சாலை. கிருஷ்ணகிரி வழியாகப் போகிற 44-ஆம் எண் சாலை 2010-க்கு முன்னால் 7-ஆம் எண். எங்காவது பழைய கல்லில் 7 என்று மிச்சம் இருந்தால் வண்டியை ஓரம் கட்டி ஒரு படம் எடுத்து வையுங்கள்.

இதைவிடப் பழைய கல்லும் நமக்கு உண்டு. தர்மபுரிப் பக்கம் கிடைத்த, சுமார் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல்லில் 'அதியமான் பெருவழி, நாவற்றாவளத்துக்குக் காதம் 29' என்று வெட்டியிருக்கிறது (காதம் என்பது பழைய தூர அளவு). எழுத்துக்குக் கீழே குழிகள்: பெரியது இரண்டு, சின்னது ஒன்பது. பெரியது பத்து, சின்னது ஒன்று என்று வைத்து எண்ணிப் பாருங்கள், அதே 29. படிக்கத் தெரியாத வண்டிக்காரரும் விரலை வைத்துத் தடவி, இருட்டில்கூட, இன்னும் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ளலாம். இவ்வளவு யோசித்துக் கல் வெட்டியவரை நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

கே.ஆர். மார்க்கெட்டில் பூக்காரர்களைப் படம் எடுத்தால் திட்டுகிறார்கள். பொது இடம்தானே? (வாசகர், ஓசூர்)

பொது இடம் சரி, முகம் அவர்களுடையது. விடிகாலை வியாபாரத்தின் நடுவில், தூக்கம் இல்லாத கண்ணோடு இருக்கிறவர் முன்னால் கேட்காமல் போனை நீட்டினால் யாருக்கும் கோபம் வரும். முதலில் பூ வாங்குங்கள். பேசுங்கள், அங்கே பலருக்குத் தமிழ் வரும், பூவில் நிறைய நம் ஓசூர், தேன்கனிக்கோட்டை, தர்மபுரிப் பக்கமிருந்து போவது. எடுக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

நான் ஓர் அக்காவிடம் கேட்டேன், "மூஞ்சி வேணாம் தம்பி, கையை வேணா எடுத்துக்கோ" என்றார். சரி என்று கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே இருக்கிறவர்களுக்கு இரண்டு அளவில் கொடுக்கிறார். ஒன்று முழம்: முழங்கை முட்டியில் சரத்தை வைத்து நடுவிரல் நுனி வரை, கன்னடத்தில் மொள. இன்னொன்று மாரு: இரண்டு கையையும் அகல விரித்து, இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரை. அந்த அக்காவின் முழங்கையில், சரம் ஆரம்பிக்கிற இடத்தில், தோல் மட்டும் பச்சை படிந்து கறுத்திருந்தது. முகத்தை எடுத்திருந்தால் அதை நான் பார்த்திருக்கவே மாட்டேன். திரும்பி வரும் வழியில் தக்காளிப் பெட்டி அடுக்கு ஒன்றில் 'ராயக்கோட்டை' என்று பெயிண்டில் எழுதியிருந்ததையும் எடுத்தேன், அது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

பெங்களூரில் தமிழ்க் கல்வெட்டு உண்டா? (வாசகர், வேப்பனப்பள்ளி)

உண்டு. தோம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலுக்குப் போங்கள், சுவரிலேயே படிக்கலாம். அந்த ஊரைத் தேசிமாணிக்கப்பட்டணம் என்று சொல்கிற கல்வெட்டு அங்கே இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் இராமநாதன் உங்கள் பக்கத்துக் குந்தாணியில் இருந்துகொண்டு ஆண்டவன் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள். அர்ச்சகரிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.

ஒரு பழைய அரசுக் கட்டடத்தின் படியில் ஆங்கிலத்தில் 'ஜி.டி.எஸ்., பி.எம்.' என்று வெட்டி, நடுவில் சின்னச் சதுரம். நினைவுக் கல்லா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், ஊத்தங்கரை)

நில அளவைத் துறையின் உயரக் குறி, ஐயா. பி.எம். என்றால் 'பெஞ்ச் மார்க்', அந்தக் குறியின் ஆங்கிலப் பெயர். கடல் மட்டத்திலிருந்து அந்த இடம் இவ்வளவு உயரம் என்று அளந்து, அசையாத இடமாகப் பார்த்து வெட்டி வைப்பார்கள். கோயில் படி, சர்ச் வாசல், ரயில் நிலையம் எல்லாவற்றிலும் இருக்கும். ஜி.டி.எஸ். என்பது இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய நில அளவையின் பெயர்ச் சுருக்கம். அதைத் தொடங்கிய லாம்டன், 1802-இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு (முக்கோணங்களுக்கு ஆதாரமாகத் தரையில் அளக்கிற முதல் கோடு) அளப்பதற்கு முன்பே, 1800-இல் பெங்களூருக்குப் பக்கத்தில் ஒன்று அளந்து பார்த்தவர். இந்த மாதிரிக் குறிகள் படியை மாற்றும்போதும் டைல்ஸ் ஒட்டும்போதும் யாருக்கும் தெரியாமல் போய்விடுகின்றன. நீங்கள் அனுப்பிய படத்தில் படியின் ஒரு பக்கம் ஏற்கெனவே சிமென்ட் பூசியிருக்கிறது. அடுத்த வாரம் அந்தப் பக்கம் போவதாக எழுதியிருக்கிறீர்கள். காலை வெயிலில், பக்கத்தில் உங்கள் பேனாவை வைத்து, சதுரம் முழுசாகத் தெரிகிற மாதிரி இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள். அடுத்த இதழில் அதைப் பெரிதாகவே போடுகிறேன்.