இசியூ மாற்றினால் ட்யூனிங் என்ன ஆகும்? கேள்வி பதில்

கேள்வி: சைலென்சரும் ஏர் ஃபில்டரும் மாற்றி, அதற்கேற்ப ட்யூன் செய்த பைக். இப்போது இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) மாற்ற வேண்டும். பழைய செட்டிங் போய்விடுமா?

பதில்: பழைய இசியூ லேப்டாப்புடன் இன்னும் பேசுகிறதா என்று முதலில் பாருங்கள். பேசினால், கழற்றும் முன்பே மேப்பை (எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று சொல்லும் அட்டவணை, உங்கள் ட்யூனிங் இதில்தான் இருக்கிறது) இரண்டு முறை தனித்தனியாகப் படித்துச் சேமியுங்கள். இரண்டு ஃபைலும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் பெரும்பாலும் கேபிளோ பேட்டரியோ சரியில்லை. சில இசியூக்களில் எழுத மட்டுமே முடியும், படிக்க முடியாது. அப்போது ட்யூன் செய்தவர் வைத்திருக்கும் ஃபைல்தான் கதி.

பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் ஒயரிங் நடுவே தனி ட்யூனிங் பெட்டி மாட்டியிருந்தால், உங்கள் மேப் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. ஆனால் அது இசியூ கணக்கிட்ட பெட்ரோல் அளவில் இத்தனை சதவீதம் கூட்டு, குறை என்று மட்டுமே சொல்லும். புதிய இசியூவின் அடிப்படை மேப் வேறு பதிப்பாக இருந்தால், அதே சதவீதம் தவறான அளவைத் தரும்.

கேள்வி: இசியூ முழுதாகச் செத்துவிட்டது. இனி வழியில்லையா?

பதில்: பவர் பகுதி எரிந்தாலும் மெமரி சிப் பிழைத்திருக்கலாம். மூடியைத் திறந்து சிப்பிலிருந்து நேரடியாகப் படிப்பவர்கள் உண்டு. தூக்கி எறியாதீர்கள்.

ஆனால் செத்தது இசியூதானா? அதற்கு வரும் 12 வோல்ட், சென்சார்களுக்கு அது தரும் 5 வோல்ட், எர்த் மூன்றையும் அளந்தீர்களா? பச்சை பூத்த எர்த் முனையும் இதே அறிகுறியைக் காட்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 15 வோல்ட்டுக்கு மேல் வந்தால், சார்ஜிங் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. அதைச் சரிசெய்யாமல் புதிய இசியூ மாட்டினால் அதற்கும் அதே கதிதான்.

கேள்வி: அதே மாடலின் பழைய இசியூ போடலாமா?

பதில்: மாடல் பெயர் போதாது, லேபிளில் உள்ள பார்ட் நம்பர் பொருந்த வேண்டும். இம்மொபிலைசர் (பதிந்த சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத பூட்டு) உள்ள பைக்கில் சாவியைப் புதிதாகப் பதிய வேண்டும். மேப்பை எழுதினால் சாவிக் குறியீடு தானாக வராது. முடிந்தால் இசியூவைச் சாவியோடு வாங்குங்கள்.

கேள்வி: புதிய இசியூவில் மேப்பை எழுதும்போது பாதியில் நின்றுவிட்டது. ஏன்?

பதில்: பெரும்பாலும் பேட்டரி. எழுதி முடியும்வரை சாவி ஆனில் இருக்கும். ஹெட்லைட் கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஹெட்லைட் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, நிலையான 13 வோல்ட் தரும் சப்ளையை பேட்டரியில் மாட்டுங்கள். சாதாரண சார்ஜர் வேண்டாம்.

கேள்வி: மேப் அதேதான், ஆனாலும் ஐடிலிங் ஏறி இறங்குகிறது.

பதில்: மேப் வேறு, ஓடி ஓடி இசியூ கற்றுக்கொண்ட திருத்தங்கள் வேறு. பின்னது பழைய இசியூவோடு போய்விட்டது. த்ராட்டில் (இன்ஜினுக்குக் காற்றை விடும் வால்வு) மூடிய நிலையை ரீசெட் செய்யுங்கள். பிறகு இன்ஜின் சூடாகும்வரை ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐடிலில் விடுங்கள். ஆக்சிஜன் சென்சார் வேலை செய்தால், மீதியைச் சீரான வேகத்தில் ஓடும்போது கற்றுக்கொள்ளும். அதற்கு முன்பே மேப்பில் கை வைத்தால், எது பிழை என்று பிறகு பிரித்தறிய முடியாது.