ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது?

கேள்வி: ஒரே வளாகத்தில் இரண்டு பிளாட்டுகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். அளவு, அறைகள் எல்லாம் ஒன்றுதான். முதலாவது 11-வது தளம். வாசல் கிழக்கே, ஹால், பெரிய படுக்கையறை, பால்கனி மூன்றும் மேற்கே திறக்கின்றன. எதிரில் மறைப்பே கிடையாது, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தெரிகிறது. இரண்டாவது 5-வது தளம். வாசல் தெற்கே, ஜன்னல்கள் வடக்கே. சுமார் 30 மீட்டர் தள்ளி இன்னொரு கட்டடம் நிற்கிறது. இரண்டு கட்டடமும் 12 தளம். எங்கள் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10 டிகிரியில் இருக்கிறது, வெயிலுக்குக் குறைவில்லை. நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன், கைக்குழந்தையும் இருக்கிறது. "கிழக்கு பார்த்த வீடு, காலை வெளிச்சம் வரும்" என்று முதலாவதையே எடுக்கச் சொல்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. எதை எடுப்பது?

— வாசகி ஒருவர்

பதில்: "கிழக்கு பார்த்த வீடு" என்ற சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது. தனி வீட்டில் பெரும்பாலும் வாசல் இருக்கும் பக்கத்தில்தான் பெரிய ஜன்னல்களும் இருக்கும். வாசல் கிழக்கே என்றால் காலை வெயில் ஹாலுக்குள் விழும். அடுக்குமாடியில் வாசல் திறப்பது பொது நடைக்கூடத்துக்கு. அங்கே வெயிலுக்கு வேலையில்லை. வெளிச்சம், வெப்பம், காற்று மூன்றும் உங்கள் வீட்டுக்குள் நுழைவது ஜன்னலும் பால்கனிக் கதவும் இருக்கும் பக்கத்திலிருந்துதான். அந்தக் கணக்கில் முதலாவது வீடு முழுக்க முழுக்க மேற்கு பார்த்த வீடு. நண்பகல் வரை அங்கே நேர்வெயில் எட்டிப் பார்க்காது. அதற்குப் பிறகு அஸ்தமனம் வரை விடாது.

கிழக்குச் சுவருக்கும் மேற்குச் சுவருக்கும் சூரியன் ஏறக்குறைய ஒரே அளவு வெப்பத்தைத்தான் தருகிறது. நேரம்தான் வேறு. காலை வெயில், இரவில் ஆறிப்போன சுவர்மீது குளிர்ந்த காற்றோடு வந்து விழுகிறது. வெளிக்காற்று உச்ச வெப்பத்தைத் தொடுவதோ பிற்பகல் 2 மணி முதல் 4 மணிக்குள்; மேற்கு வெயில் சரியாக அந்த நேரத்தில் வந்து சேர்கிறது. அதோடு, 4 மணி வாக்கில் சூரியன் தாழ்ந்து நிற்பதால் தரையைவிடச் செங்குத்தான சுவரில்தான் வெயில் நேருக்கு நேராக மோதும்.

"பால்கனி இருக்கிறதே, நிழல் தராதா?" என்று கேட்கத் தோன்றும். கணக்குப் போட்டே பார்க்கலாம். பால்கனி ஆழம் 1.5 மீட்டர், மேல்கூரை 2.4 மீட்டர் உயரத்தில், முன்னால் கம்பித் தடுப்பு என்று வைத்துக்கொள்வோம். மார்ச் அல்லது செப்டம்பர் கடைசியில், உங்கள் அட்சரேகையில், சூரிய நேரப்படி (சூரியன் உச்சியில் இருப்பதே 12 மணி) 2 மணிவரை கண்ணாடிக் கதவு முழுவதும் நிழலில் இருக்கும். 3 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 44 டிகிரி உயரத்துக்கு இறங்கிவிடும். கதவின் அடிப்பக்கம் ஒரு மீட்டர் வெயிலில். 4 மணிக்கு 30 டிகிரிதான். கதவில் ஒன்றரை மீட்டருக்கு வெயில், ஹால் தரையில் 2.7 மீட்டர் உள்ளே வரை. 5 மணிக்கு 15 டிகிரி. வெயில் ஏழு மீட்டர் தாண்டி உள்சுவரையே தொட்டுவிடும், சோபாவில் உட்கார்ந்திருப்பவர் கண்ணைக் கூசவைக்கும். பால்கனியை இன்னும் அரை மீட்டர் நீட்டினாலும் 5 மணி வெயிலை அது தடுக்காது. கிழக்கிலும் மேற்கிலும் தலைக்குமேல் நீளும் சன்ஷேடால் பெரிய பயன் இல்லாததற்கு இதுதான் காரணம். பக்கவாட்டில் வரும் வெயிலைச் செங்குத்தான தடுப்பால் மட்டுமே நிறுத்த முடியும்.

இரவில்தான் மிச்சக் கதை. கான்கிரீட்டும் செங்கல்லும் வெப்பத்தை உடனே உள்ளே விடுவதில்லை. வாங்கி வைத்துக்கொண்டு சில மணி நேரம் கழித்து விடும். பிற்பகல் முழுக்கக் காய்ந்த மேற்குச் சுவர், நீங்கள் குழந்தையைத் தூங்கவைக்கும் நேரத்துக்குத்தான் உள்பக்கம் அனலடிக்கத் தொடங்கும். ஏசி அந்த அறைக்காற்றோடு சுவரையும் சேர்த்துக் குளிர்விக்க வேண்டியிருக்கும். அதன் வெளி யூனிட்டும் மேற்குத் திட்டிலேயே வெயிலில் நின்றால் திணறித்தான் ஓடும். படுக்கையறை மேற்கே இருப்பதுதான் அந்த பிளாட்டின் பெரிய குறை. குளியலறை, பொருள் வைக்கும் அறை, லிஃப்ட் இவையெல்லாம் மேற்கே இருந்து படுக்கையறையை மறைத்திருந்தால் இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்கமாட்டோம்.

இப்போது வடக்கு. 10 டிகிரி வட அட்சத்தில் ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஏப்ரல் பாதிவரை உச்சிச் சூரியன் தலைக்குத் தெற்கே போகிறது. வடக்கு ஜன்னலில் நேர்வெயில் அனேகமாகக் கிடையாது. மற்ற மாதங்களில் வடக்குப் பக்கம் வரும், ஆனால் மிக உயரத்தில். ஜூன் 21 நண்பகலில் 76 டிகிரிக்கும் மேல். அந்த உயரத்திலிருந்து வரும் வெயிலை 60 செ.மீ. சன்ஷேடு ஒன்றே இரண்டரை மீட்டர் கீழ்வரை மறைத்துவிடும். காலையும் மாலையும் மட்டும் ஓரமாகக் கண்ணாடியை உரசிக்கொண்டு போகும். ஜன்னலின் இரு பக்கமும் ஒரு சாண் நீளத்துக்குச் செங்குத்துத் தடுப்பு இருந்தால் அதுவும் பெருமளவு அடங்கும். வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு, நாள் முழுக்க ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக வரும் இந்த வான வெளிச்சம் பெரிய வரம். மேசையை ஜன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்கும்படி போடுங்கள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் திரையில் பிரதிபலிக்கும்; முகத்துக்கு நேரே இருந்தால் கண் களைத்துவிடும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு 5-வது தளத்தை எடுங்கள் என்று சொல்லிவிட முடியவில்லை. எதிர்க் கட்டடம் இருக்கிறதே.

ஜன்னல் அருகே நின்று கையை முழுவதும் நீட்டி முஷ்டி பிடியுங்கள். ஒரு முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. கண்மட்டத்திலிருந்து எதிர்க் கட்டடத்தின் உச்சிவரை முஷ்டிமேல் முஷ்டி அடுக்கி எண்ணுங்கள். இரண்டரை முஷ்டிக்குள், அதாவது 25 டிகிரிக்குள், முடிந்தால் பகல் வெளிச்சத்துக்குப் பெரிய குறை வராது. அதைத் தாண்டினால் அறை மங்கத் தொடங்கும்.

தளம் ஒன்றுக்கு 3 மீட்டர், தரைத்தளம் 1 என்று எண்ணினால், 5-வது தளத்தில் நிற்கும் உங்கள் கண் 13.5 மீட்டர் உயரத்தில் இருக்கும். எதிர்க் கட்டடத்தின் உச்சி 36 மீட்டர். 22.5 மீட்டர் வித்தியாசம், 30 மீட்டர் தூரம்: 37 டிகிரி. கிட்டத்தட்ட நான்கு முஷ்டி. அதே வரிசையில் 8-வது தளத்துக்குப் போனால் வித்தியாசம் 13.5 மீட்டராகக் குறையும், கோணம் 24 டிகிரி. அறைக்குள் இது எப்படித் தெரியும் என்றால், ஜன்னலின் மேல்விளிம்பு 2.1 மீட்டரில் இருந்தால், 5-வது தளத்தில் மேசை மட்டத்திலிருந்து வானம் தெரியும் இடம் ஜன்னலிலிருந்து 1.8 மீட்டரோடு முடிந்துவிடும். 8-வது தளத்தில் 3 மீட்டர்வரை நீளும். ஒரு மேசைக்கும் ஒரு முழு அறைக்கும் உள்ள வித்தியாசம் அது. எதிர்க் கட்டடத்தின் மாடியில் தண்ணீர்த் தொட்டியோ உயரமான கைப்பிடிச்சுவரோ இருந்தால் 9-வது தளம் பாருங்கள்.

ஆகவே எங்கள் முதல் யோசனை: அதே வடக்கு வரிசையில் 8 முதல் 11-வது தளத்துக்குள் ஏதாவது காலியாக இருக்கிறதா என்று விசாரியுங்கள். 12 வேண்டாம். உங்கள் அட்சரேகையில் கட்டடத்திலேயே அதிக வெயில் குடிப்பது மொட்டைமாடிதான். அதற்கு நேர்கீழே இருக்கும் வீட்டுக்கு எந்தத் திசையும் முழுதாகக் கைகொடுக்காது.

எதிர்க் கட்டடம் கெடுதல் மட்டுமே என்றும் நினைக்க வேண்டாம். அதன் தெற்கு முகம்தான் உங்களைப் பார்க்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அந்த முகத்தில் வெயில் விழும். அது வெளிர்நிறச் சுவராக இருந்தால் மென்மையான வெளிச்சம் உங்கள் அறைக்குத் திரும்பி வரும். கண்ணாடி முகப்பாக இருந்தால் கூசும் வெயிலாகவே திரும்பி வரும். நேரில் போகும்போது அவசியம் கவனியுங்கள்.

விற்பவர் சொல்லும் திசையை அப்படியே நம்பவும் வேண்டாம். "வடக்கு" என்பது பல நேரங்களில் வடமேற்காக இருக்கும். உங்கள் ஊரில் ஜூன் மாதச் சூரியன் நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 24 டிகிரி வடக்கே தள்ளி மறைகிறது. ஜன்னல் நேர் வடக்கிலிருந்து 30, 40 டிகிரி மேற்கே திரும்பியிருந்தால் கோடைச் சாயங்கால வெயில் சாய்வாக நெடுந்தூரம் உள்ளே வந்துவிடும். பிளானில் உள்ள வடக்கு அம்புக்குறியைப் பாருங்கள். அதை, வடக்கு மேலே இருக்கும்படி வைத்த செயற்கைக்கோள் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். கைபேசித் திசைகாட்டியைப் பால்கனிக் கம்பி அருகே வைத்தால் இரும்பு அதைத் திசைதிருப்பிவிடும். கீழே இறங்கித் திறந்தவெளியில், கட்டடச் சுவருக்கு இணையாகப் பிடித்து மூன்று முறை பாருங்கள். அமைப்புகளில் காந்த வடக்கா, உண்மை வடக்கா என்பதையும் சரிபாருங்கள். சில ஊர்களில் இரண்டுக்கும் பல டிகிரி வித்தியாசம் உண்டு.

மற்ற இரண்டு திசைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். உங்கள் அட்சரேகையில் தெற்கும் நல்ல திசையே. டிசம்பர் நண்பகலில் சூரியன் 57 டிகிரியில் இருக்கும், 1.2 மீட்டர் உயர ஜன்னலுக்கு 80 செ.மீ. சன்ஷேடு இருந்தால் உச்சிவெயில் உள்ளே வராது. கிழக்கும் மேற்கைவிட எவ்வளவோ மேல், ஆனால் படுக்கையறை கிழக்கே இருந்தால் குழந்தை சூரியனோடு எழுந்துவிடும். தடித்த திரைச்சீலை வேண்டும்.

குளிர்நாடுகளில் வீடு தேடும் வாசகர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 40 டிகிரி வட அட்சத்தில் தெற்கு ஜன்னல்தான் அருமை. ஜூன் நண்பகலில் 73 டிகிரி உயரச் சூரியனை 60 செ.மீ. சன்ஷேடு இரண்டு மீட்டர்வரை மறைக்கும். டிசம்பரில் 27 டிகிரியில் வரும் இளஞ்சூட்டு வெயிலை அதே சன்ஷேடு 30 செ.மீ. மட்டும் மறைத்து மிச்சத்தை உள்ளே விடும். அங்கே வடக்கு மட்டும் பார்த்த வீட்டில் குளிர்காலம் முழுக்க வெயில் கிடைக்காது. அலமாரிக்குப் பின்னால் ஓதமும் பூஞ்சணமும் பிடித்திருக்கிறதா என்று நகர்த்திப் பாருங்கள். 50 டிகிரியில் டிசம்பர் உச்சிச் சூரியனே 17 டிகிரிதான். தெற்கே இரண்டு முஷ்டி உயரத்துக்குக் கட்டடம் இருந்தால் அந்த மாதத்தில் வெயிலே வராது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பவர்கள் வடக்கையும் தெற்கையும், ஜூனையும் டிசம்பரையும் இடம் மாற்றிப் படிக்கவும்.

உங்கள் கணவருக்கு அந்த 11-வது தளக் காட்சியில் மனம் ஊன்றிவிட்டது என்றால், வாங்கும் முன்பே நிர்வாகக் குழுவிடம் ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: பால்கனியின் வெளிவிளிம்பில் இறக்கி ஏற்றும் திரையோ, திருப்பக்கூடிய செங்குத்துப் பலகைகளோ பொருத்த அனுமதி உண்டா? கட்டடத்தின் வெளித்தோற்றம் பொதுச் சொத்து என்பதால் பல இடங்களில் மறுத்துவிடுவார்கள். மறுத்தால் அந்த வீட்டை விட்டுவிடுவதே நல்லது. உள்பக்கத் திரைச்சீலை கூச்சத்தைக் குறைக்கும்; ஆனால் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெப்பத்தில் பெரும்பகுதி அறைக்குள்தான் தங்கும். சாதாரண ஒற்றைக் கண்ணாடி, தன்மேல் விழும் சூரிய வெப்பத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடுகிறது. வெப்பம் தடுக்கும் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும். இருக்கிற கண்ணாடியில் பிலிம் ஒட்டுவதாக இருந்தால் கண்ணாடியின் வகையை முதலில் கேளுங்கள். இரட்டைக் கண்ணாடியில் தப்பான பிலிம் ஒட்டினால் சூடு சீரில்லாமல் ஏறிக் கண்ணாடி விரிசல் விடலாம், உத்தரவாதமும் போய்விடலாம். மறைப்பு எதுவானாலும் வெயில் கண்ணாடியைத் தொடும் முன், உங்கள் வீட்டில் 2 மணிக்குள், இறக்கிவிட வேண்டும். அப்படி இறக்கினால் அந்தக் காட்சியும் பிற்பகல் முழுக்க மறைந்துதான் இருக்கும். இதைக் கணவரிடம் சொல்லிப் பாருங்கள்.

காற்றைப் பொறுத்தவரை இரண்டு வீட்டுக்கும் ஒரே குறை: ஜன்னல்கள் ஒரே பக்கம்தான். ஒரே பக்கம் ஜன்னல் உள்ள வீட்டில் காற்று உள்ளே போவது அறை உயரத்தைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு தூரம்தான். இரண்டு சுவர்களில் ஜன்னல் உள்ள மூலை வீடு கிடைத்து, இரண்டாவது சுவர் கிழக்காக இருந்தால், தயங்காமல் அதைப் பாருங்கள்.

மேலே உள்ள வடக்கு வீடுகள் எதுவுமே கிடைக்கவில்லை, இந்த இரண்டுக்குள்தான் முடிவு என்றால், 5-வது தளம். மங்கலை வெள்ளைச் சுவரும் வெள்ளை உட்கூரையும் ஜன்னலோர மேசையும் நல்ல விளக்கும் சரிசெய்துவிடும். கையெழுத்துப் போடுவதற்கு முன், வெயிலடிக்கும் ஒரு நாளில் 4 மணிக்கு 11-வது தள ஹாலில் ஏசி போடாமல் கால் மணி நேரம் இருவரும் உட்காருங்கள். பிறகு இரவு 8 மணிக்கு மறுபடி போய், படுக்கையறையின் மேற்குச் சுவரில் ஒரு உள்ளங்கையும் நடைக்கூடத்துப் பக்கச் சுவரில் மற்றோர் உள்ளங்கையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள் உங்கள் கணவரை.