மாடும் பன்றியும் எழுநூறு கட்டிலும்

அன்புள்ள சார்,

நலம்தானே? இசைக்கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், பிங்க் ஃப்ளாய்ட் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவைப் பற்றிப் படிக்க நினைப்பவர்கள் படங்கள் நிறைந்த ஒரு புத்தகத்தில் தொடங்கலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரியை நம்பி, பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்ட ஒன்றை வாங்கிவிட்டேன். முந்நூறு பக்கத்துக்கு மேல், வழவழ தாள். மடியில் வைத்துப் புரட்டினால் கால் மரத்துப்போகிறது. புத்தகம் வாங்கினாயா, டீப்பாய் வாங்கினாயா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. உள்ளே எழுத்து என்று பார்த்தால் படங்களுக்கு அடியில் ஓடும் சிறு குறிப்புகள்தான். படங்களாவது அந்தக் குழுவைப் பற்றி இருக்க வேண்டாமா? ஒரு மாடு. பறக்கும் பன்றி. தீப்பிடித்து எரியும் ஒரு மனிதர். கடற்கரை முழுக்கக் கட்டில்கள். நால்வரின் முகமும் ஒழுங்காகத் தெரியும் படத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பீட்டில்ஸ் பற்றிய புத்தகம் என்றால் பக்கத்துக்குப் பக்கம் அந்த நாலு முகங்கள் இருக்கும். தவிர, காதால் கேட்க வேண்டியதைக் கண்ணால் பார்த்து என்ன ஆகப்போகிறது? இதை வரலாறு என்பதா, அலங்காரப் பொருள் என்பதா? பாதி விலைக்குத் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்கிறார். கொடுத்துவிடட்டுமா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

டீப்பாய் விஷயத்தில் நான் உங்கள் வீட்டார் பக்கம். அந்தப் புத்தகங்களின் எடையை யாராலும் நியாயப்படுத்த முடியாது. மேஜைமேல் விரித்துவைத்து, நின்றுகொண்டு பாருங்கள். நான் அப்படித்தான் பார்ப்பேன்.

முகத்தைத் தேட வேண்டியிருக்கிறது என்கிறீர்கள். அந்தக் குழுவின் கதையே அதுதான் என்பது என் கட்சி. ரோலிங் ஸ்டோன்ஸின் ஜாகர் உதட்டைச் சுழித்தால் அது செய்தி. பீட்டில்ஸின் லென்னன் கண்ணாடி மாற்றினால் அது செய்தி. பிங்க் ஃப்ளாய்ட் ஆட்களிடம் அப்படி விற்க ஒரு முகம் இல்லை. ஒருவர் இருந்தார், அவரும் போய்விட்டார். மீதிப் பேர் முகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பது என்று தேடிக்கொண்டே இருந்தார்கள். மாடும் பன்றியும் கட்டிலும் அந்தத் தேடலில் வந்தவை. எழுத்தில் மட்டும் எழுதப்பட்ட வரலாறுகள் இதை ஒரு பத்தியில் சொல்லிவிட்டு, யார் யாரோடு சண்டை போட்டார் என்பதற்குப் போய்விடும். படப் புத்தகத்தில் அது பக்கம் பக்கமாகக் கண்ணெதிரே நடக்கிறது.

முதல் சில பக்கங்களைப் பாருங்கள். 1966, 67. லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் ஒரு நிலவறை நடன அரங்கில் யுஎஃப்ஓ என்ற கிளப் நடந்தது. கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வண்ணத் திரவத்தை விட்டுச் சூடேற்றி, அது குமிழியிட்டு ஓடுவதை மேடைமேல் ஒளியாகப் பாய்ச்சுவார்கள். படத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் மேல் சிவப்பும் பச்சையும் கொப்பளித்து ஓடுகிறது. மூக்கு எது, கிட்டார் எது என்று பிரித்தறிய முடியாது. ஆரம்பத்திலேயே அவர்கள் திரையாகத்தான் நின்றார்கள். ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் மூவரும் ரீஜென்ட் தெரு பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை படிக்கப்போனவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேடையை ஓர் இடமாக யோசிக்கும் புத்தி அங்கிருந்து வந்திருக்கலாம்.

அப்புறம் 1968 ஜனவரிக்குப் போங்கள். ஐந்து பேர் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று இருக்கும். எந்தப் புத்தகமும் அதை விடாது. பாட்டு எழுதியவரும் பாடியவரும் குழுவின் ஒரே அழகனுமான சிட் பாரட் எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளாலும் மனக்குழப்பத்தாலும் மேடையில் வாசிக்க முடியாத நிலைக்குப் போயிருந்தார். துணைக்கு டேவிட் கில்மரைச் சேர்த்தார்கள். ஐவராக இருந்தது சில வாரங்கள்தான். ஜனவரி கடைசியில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் வாசிக்கக் கிளம்பியபோது, வழியில் சிட்டை ஏற்றிக்கொள்ளாமலே போய்விட்டார்கள். கூட்டம் போட்டு யாரையும் நீக்கவில்லை. வண்டி அந்தத் தெருவுக்குத் திரும்பவில்லை, அவ்வளவே.

ஒரு காரியம் செய்யுங்கள். அந்தப் படத்தில் சிட்டை விரலால் மூடிப் பாருங்கள். எழுபதுகளில் உலகம் முழுக்க விற்ற பிங்க் ஃப்ளாய்ட் தெரியும். விரலை எடுத்துக் கில்மரை மூடுங்கள். 1967-இன் பிங்க் ஃப்ளாய்ட் வந்துவிடும். நூறு பக்கம் எழுதினாலும் இது கைக்கு இப்படி அகப்படுமா என்று தெரியவில்லை.

மாட்டுக்கு வருவோம். ஸ்டார்ம் தோர்கர்சன் கேம்பிரிட்ஜில் வாட்டர்ஸும் பாரட்டும் படித்த பள்ளியில் படித்தவர். ஆப்ரி பவலோடு சேர்ந்து ஹிப்னோசிஸ் என்ற பெயரில் இசைத்தட்டுகளுக்கு உறை வடிவமைத்தார். 1970-இல் வந்த ஆல்பத்துக்கு, இசையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத சாதாரணப் படம் ஒன்று வேண்டும் என்று முடிவாயிற்று. தோர்கர்சன் லண்டனுக்கு வடக்கே பாட்டர்ஸ் பார் பக்கம் காரில் போனார், கண்ணில் பட்ட முதல் மாட்டைப் படம் எடுத்தார். உறையின் முன்பக்கத்தில் ஆல்பத்தின் பெயர் இல்லை, குழுவின் பெயர் இல்லை. ஒரு மாடு திரும்பிப் பார்க்கிறது, அவ்வளவுதான். இசைத்தட்டு நிறுவனத்துக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போன அவர்களின் முதல் ஆல்பம் அதுதான். முகமும் பெயரும் இல்லாமல் விற்கலாம் என்று அந்த மாடு நிரூபித்துவிட்டது.

1973-இல் வந்த ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தின் உறையிலுள்ள முப்பட்டகத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1988 வரையில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 741 வாரம் இருந்த தட்டு அது. என் பங்குக்கு ஒன்று மட்டும். நான் முதன்முதலில் கேட்டது ஒரு கேசட் கடையில் பதிந்து வாங்கிய நகல். கடைக்காரர் உறையை ஜெராக்ஸ் எடுத்துச் செருகியிருந்தார். கறுப்புத் தாளில் ஒரு முக்கோணம், ஒருபக்கம் ஒரு கோடு, மறுபக்கம் சாம்பல் நிறத்தில் சில கோடுகள். அதில் வானவில் இருக்கிறது என்று எனக்கு ஏழெட்டு வருடம் தெரியாது. ஏதோ ஜியாமெட்ரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிறத்தோடு பார்த்தபோது ஏமாந்தவன்போலக் கோபம்தான் வந்தது. பல வருடம் கழித்து ஒன்று தெரிந்தது. படத்தை வரைந்த ஜார்ஜ் ஹார்டி கொடுத்த மூலமே கறுப்பு வெள்ளைக் கோட்டுப்படம்தான். எந்தப் பட்டையில் எந்த நிறம் என்பது அச்சகத்துக்கான குறிப்பு. ஆக, என் கடைக்காரர் தெரியாத்தனமாக அசலுக்குப் பக்கத்தில் போயிருக்கிறார். அதில் ஏழு நிறம் கிடையாது, ஆறுதான். எண்ணிப் பாருங்கள். இண்டிகோவை விட்டுவிட்டார்கள்.

என்னை அதிகம் நிறுத்திவைக்கும் படம் இதெல்லாம் இல்லை. 1969-இல் வந்த இரட்டை ஆல்பத்தின் பின்னட்டை. உங்கள் புத்தகத்திலும் இருந்தாக வேண்டும். பிகின் ஹில் விமானத்தளத்தின் ஓடுபாதை. அங்கே குழுவின் அத்தனை சாமானும் அம்புமுனை வடிவத்தில் பரப்பிவைக்கப்பட்டிருக்கிறது. டிரம்கள், ஒலிபெருக்கிகள், கிட்டார்கள், பின்னால் வண்டி. போர்விமானத்தின் முன்னால் அது சுமக்கும் குண்டுகளை வரிசையாக அடுக்கிப் படம் எடுப்பார்களே, அந்தப் பாணி. யோசனை நிக் மேசனுடையது. படத்தில் குழுவினர் ஒருவர்கூட இல்லை. இரண்டு ஆட்கள் நிற்கிறார்கள். இருவரும் சாமான் ஏற்றி இறக்கி, வயர் இணைத்து, வண்டி ஓட்டியவர்கள்: ஆலன் ஸ்டைல்ஸ், பீட்டர் வாட்ஸ்.

ஊரூராகப் போகும் குழு ஒன்றுக்கு அன்றாடம் என்றால் இதுதான். ஒவ்வொரு ஊரிலும் இவ்வளவையும் இறக்கி, பூட்டி, கழற்றி, மறுபடி ஏற்ற வேண்டும். கில்மரின் கிட்டார் ஏன் வானத்தில் மிதப்பதுபோலக் கேட்கிறது என்று கவித்துவமாக எழுதலாம். இந்தப் படத்தைப் பார்த்தபிறகு, அந்த மிதப்புக்குப் பின்னால் எத்தனை மரப்பெட்டி என்பதுதான் எனக்கு நினைவு வருகிறது. அந்த வாட்ஸை நீங்கள் கேட்டிருக்கவும் செய்கிறீர்கள். 1973 ஆல்பத்தில் அங்கங்கே பைத்தியம்போல ஒருவர் சிரிப்பாரே, அது அவர்தான். வாட்டர்ஸ் சில கேள்விகளை அட்டைகளில் எழுதி, ஸ்டூடியோவில் இருந்தவர்களிடம் காட்டிப் பதில்களைப் பதிவுசெய்தார். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியும் பதில் சொன்னார், அதைச் சேர்க்கவில்லை. சாமான் தூக்கியவரின் சிரிப்பு ஆல்பத்தில் நிலைத்துவிட்டது. வாட்ஸ் 1976-இல் இறந்துபோனார். நடிகை நவோமி வாட்ஸ் அவருடைய மகள். காதால் கேட்பதைக் கண்ணால் பார்த்து என்ன ஆகும் என்று கேட்டீர்கள். ஓடுபாதையில் நிற்கும் மனிதரைப் பார்த்துவிட்டு அந்தச் சிரிப்பைத் திரும்பக் கேட்டுப்பாருங்கள்.

1975 ஜூனில் எடுத்த படம் ஒன்று உண்டு. அளவில் சிறியது, தெளிவும் குறைவு. அபே ரோடு ஸ்டூடியோவில் குண்டாக ஒருவர், மொட்டைத் தலை, புருவத்தையும் மழித்திருக்கிறார். வளர்ந்த பிள்ளைகளைப் பெற்ற நடுவயதுக்காரர் என்று சொல்லலாம். வயது 29. சிட் பாரட். அவரை நினைத்து எழுதிய நீண்ட பாட்டை முடித்துக்கொண்டிருந்த நேரத்தில், யாரும் கூப்பிடாமல் வந்து நின்றார். கூட வாசித்தவர்களுக்கே கொஞ்ச நேரம் ஆள் யாரென்று தெரியவில்லை. தெரிந்ததும் அழுதிருக்கிறார்கள். 1967-இன் படங்கள் இருக்கும் பக்கத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தைத் திறங்கள். இடையில் எட்டே வருடம். இந்தப் படத்துக்கு அடியிலுள்ள குறிப்பைப் படிக்காமலே கடந்துவிடுங்கள். எந்தப் புத்தகத்திலும் அது படத்தைவிட மோசமாகத்தான் இருக்கிறது.

எரியும் மனிதரும் அதே வருடத்து ஆல்பம்தான். ரானி ராண்டெல் என்ற சண்டைக்கலைஞர், கலிபோர்னியாவில் வார்னர் சகோதரர்களின் படப்பிடிப்பு வளாகம். நிஜமாகவே பற்றவைத்தார்கள். காற்று திசைமாறி அவர் மீசை கருகியது. பன்றி விஷயம் இதற்கு நேரெதிர். 1976 டிசம்பர் தொடக்கத்தில், அடுத்த ஆல்பத்தின் உறைக்காக, நாற்பதடிப் பன்றி பலூனை பேட்டர்சீ மின்நிலையத்தின் புகைபோக்கிகளுக்கு நடுவே பறக்கவிடப் போனார்கள். அறுந்துபோனால் சுட்டு வீழ்த்த முதல்நாள் துப்பாக்கிக்காரர் ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். அன்று பன்றி ஏறவில்லை. மறுநாள் ஏறியது, அறுத்துக்கொண்டு போயே போய்விட்டது. துப்பாக்கிக்காரரை இரண்டாம் நாளுக்கு வரச்சொல்ல மறந்திருந்தார்கள்! ஹீத்ரோ விமானிகளைக் கலங்கடித்துவிட்டு கென்ட்டில் ஒரு பண்ணையில் இறங்கியது. மூன்றாம் நாள் ஒழுங்காகப் பறந்தது. ஆனால் முதல்நாள் மேகம்தான் அழகு. எனவே அந்தப் படத்தில் பன்றியை வெட்டி ஒட்டினார்கள். ஆக, உறையில் இருப்பது ஒட்டுவேலை. இந்தக் கூத்துக்குப் பேசாமல் முதலிலேயே ஒட்டியிருக்கலாம்.

கட்டில்கள் 1987-இல் வந்த ஆல்பத்தின் உறை. டெவன் கடற்கரை, எழுநூறு ஆஸ்பத்திரிக் கட்டில்கள். மழை வந்ததால் எல்லாவற்றையும் எடுத்துப்போய்விட்டு, பிறகு திரும்ப அடுக்கினார்கள். அதற்குள் வாட்டர்ஸ் குழுவிலேயே இல்லை. படம் அபாரம், தட்டு எனக்குப் பிடிக்காது.

படங்களால் முடியாததும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1979-இல் ‘தி வால்’ என்ற சுவர் ஆல்பம் தயாராகும்போது ரைட்டை வெளியேற்றினார்கள். அடுத்த இரண்டு வருடக் கச்சேரிகளில் அவர் சம்பளத்துக்கு வாசித்தார். அந்தக் கச்சேரிகளில் நஷ்டம் வந்தது. பங்குதாரர்கள் மூவரும் கைக்காசு போட, கூலிக்கு வந்த ரைட் மட்டும் பணத்தோடு வீட்டுக்குப் போனார். இதை எந்தப் படத்திலும் பார்க்க முடியாது. மேடைப் படங்களில் நால்வரும் இருக்கிறார்கள். அதுவும் எப்படி? தொடக்கத்தில் நால்வரின் முகத்தையும் அச்செடுத்த முகமூடிகளைப் போட்டுக்கொண்டு வேறு நாலு பேர் வந்து வாசிப்பார்கள். அப்புறம் அசல் ஆட்கள். அவர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் நடுவே, பாட்டு நடக்க நடக்க, அட்டைப்பெட்டிச் செங்கல்லால் சுவர் எழும்பும். இடைவேளைக்குள் மேடையே மறைந்துவிடும். முகமில்லாத குழு அதற்குமேல் போக இடமில்லை.

கடைசியில் 2005 ஜூலை 2, லண்டன் ஹைட் பார்க். இருபத்து நாலு வருடம் கழித்து நால்வரும் ஒரே மேடையில், தோளில் கைபோட்டு நிற்கும் படம். உங்கள் புத்தகமும் அதை இரண்டு பக்கத்துக்கு விரித்திருக்கும். இந்த மாதிரிப் புத்தகங்களில் எனக்கு ஒவ்வாத பக்கம் அது. எல்லாம் சுபம் என்று சினிமாபோல முடிக்கிறார்கள். அந்தக் காட்சியைக் காணொளியில் பார்த்தால் தெரியும். கில்மர் வரத் தயங்குகிறார், வாட்டர்ஸ் கையசைத்துக் கூப்பிட்டுச் சேர்க்கிறார். படத்தில் அந்தத் தயக்கம் இல்லை. அடுத்த வருடம் ஜூலையில் சிட் போனார், 2008-இல் ரைட்.

சரி, கடைசிக் கேள்வி. பாதி விலைக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தே தீருவது என்றால் எனக்கு அனுப்புங்கள், முழு விலையும் தபால் செலவும் என்னுடையது. என் பிரதியை இரவல் வாங்கிப்போன நண்பர் இப்போது போனை எடுப்பதில்லை. அனுப்பும் முன் ஒரு உதவி: அந்த ஐந்து பேர் படம் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது, கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து ஒரு வரி எழுதுங்கள்.