பிளஸ் டூ வேதியியல்: கேள்விகளும் பதில்களும்

மதுரை வட்டாரத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் 28 ஆண்டுகள் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களும் பெற்றோரும் இவ்வாண்டு என்னிடம் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மேலூர் மாணவர்: டீச்சர், பதினோராம் வகுப்பில் எங்களுக்கு அந்த ஆண்டுப் பாடத்தை விட்டுவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தினார்கள். இப்போது ஒன்றும் பிடிபடவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

தம்பி, குறை உங்களுடையது அன்று. அடித்தளம் போடாமல் மேல்தளம் எழுப்பியவர்கள் செய்த தவறு அது. ஜூன், ஜூலை மாதங்களில் நாளொன்றுக்கு அரை மணி நேரம் ஒதுக்கி, மோல் கருத்து, ஆக்சிஜனேற்ற எண், வேதிச் சமநிலை, கரிம வேதியியலின் அடிப்படை ஆகிய நான்கை மட்டும் பதினோராம் வகுப்புப் பாடநூலிலிருந்து படியுங்கள். 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு என்றவுடன், அதன் மோலார் நிறை 40 என்பதால் அது 0.1 மோல் என்றும், அதைக் கரைத்து 250 மில்லிலிட்டராக ஆக்கினால் கரைசலின் மோலாரிட்டி 0.4 என்றும் தாளில் எழுதாமலே சொல்ல வர வேண்டும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் அயனிச் சமநிலையும் மின்வேதியியலும் அச்சுறுத்தமாட்டா.

செல்லூர் மாணவி: பெயர் வினைகளை எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும் மறந்துவிடுகிறேன். ஆல்டால் குறுக்கத்தையும் கன்னிசாரோ வினையையும் எப்போதும் மாற்றி எழுதிவிடுகிறேன்.

மனப்பாடம் செய்வதால்தான் மறக்கிறதம்மா. இரண்டிலும் ஆல்டிஹைடு இருக்கிறது, காரம் இருக்கிறது. பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே ஆல்டிஹைடைக் கண்டதும், கார்பனைல் தொகுதிக்கு (கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பால் இணைந்த C=O பகுதிக்கு) அடுத்த கார்பனில் ஹைட்ரஜன் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

அசிட்டால்டிஹைடில் அத்தகைய ஆல்ஃபா ஹைட்ரஜன்கள் மூன்று உள்ளன. நீர்த்த காரம் அவற்றுள் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும்போது எஞ்சும் எதிர்மின்சுமையை, உடனிசைவின் (எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் நில்லாமல் பல அணுக்களிடையே பரவுவதன்) வழியாக, பக்கத்திலிருக்கும் ஆக்சிஜன் பகிர்ந்துகொள்கிறது. அதனால்தான் அந்த ஹைட்ரஜன் எளிதில் விடுபடுகிறது. இவ்வாறு உருவான எதிரயனி இன்னொரு அசிட்டால்டிஹைடு மூலக்கூறின் கார்பனைல் கார்பனைத் தாக்க, ஆல்டால் கிடைக்கிறது. பென்சால்டிஹைடிலோ கார்பனைல் தொகுதி பென்சீன் வளையத்தோடு நேரடியாக இணைந்திருப்பதால், பிடுங்குவதற்கு ஆல்ஃபா ஹைட்ரஜனே இல்லை. அடர்காரம் வேறு வழியின்றிக் கார்பனைல் கார்பனையே தாக்குகிறது. முடிவில் ஒரு மூலக்கூறு ஒடுக்கமடைந்து பென்சைல் ஆல்கஹாலாகவும், மற்றொன்று ஆக்சிஜனேற்றமடைந்து சோடியம் பென்சோயேட்டாகவும் மாறுகின்றன. ஃபார்மால்டிஹைடுக்கும் ஆல்ஃபா ஹைட்ரஜன் இல்லை. அது எந்த வினைக்கு உட்படும் என்பதை இனி நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

உசிலம்பட்டி மாணவர்: வேதிவினை வேகவியலில் லாக் கணக்கு வந்தாலே விட்டுவிடுகிறேன். முதல் வகை வினை 99.9 சதவீதம் முடிய ஆகும் நேரம் அரை வாழ்காலத்தைப் போல் பத்து மடங்கு என்று நிறுவச் சொல்கிறார்கள்.

சூத்திரத்தைத் தொடும் முன் பொருளைப் பாருங்கள். ஒவ்வோர் அரை வாழ்காலத்திலும் இருப்பதில் பாதி வினைபுரிந்து தீர்கிறது. பத்து முறை பாதியாக்கினால் எஞ்சுவது 1024இல் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 0.1 சதவீதம். எனவே 99.9 சதவீதம் முடிந்துவிட்டது. தேர்வுத்தாளில் 99.9 சதவீதம் முடியும் நேரமான 6.909/k என்பதை அரை வாழ்காலமான 0.693/k ஆல் (k என்பது வினைவேக மாறிலி) வகுத்து வழிமுறையோடு எழுதத்தான் வேண்டும். ஆனால் விடை முன்பே தெரிந்திருந்தால் லாக் அட்டவணையைக் கண்டு கை நடுங்காது.

திருமங்கலம் மாணவி: செய்முறையில் பர்மாங்கனேட் தரம் பார்த்தலின்போது (டைட்ரேஷன்) கரைசல் பழுப்பாகக் கலங்கிவிட்டது. ஏன்?

அமிலம் போதவில்லை. போதிய நீர்த்த கந்தக அமிலம் இருந்தால்தான் பர்மாங்கனேட் நிறமற்ற மாங்கனீசு(II) அயனியாக ஒடுங்கும். குறைந்தால் பழுப்பு நிற மாங்கனீசு டைஆக்சைடு வீழ்படிவாகிவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்க்கக் கூடாது, ஏனெனில் பர்மாங்கனேட் அதன் குளோரைடையே ஆக்சிஜனேற்றம் செய்து அளவீட்டைக் கெடுக்கும். நைட்ரிக் அமிலமோ தானே ஓர் ஆக்சிஜனேற்றி.

பியூரெட்டை (துளித்துளியாகக் கரைசலை விடும் அளவுக்குழாயை) அதில் ஊற்றப்போகும் கரைசலாலேயே கழுவுங்கள்; கூம்புக் குடுவையை மட்டும் வெறும் நீரால் கழுவினால் போதும். பர்மாங்கனேட்டின் அடர்நிறத்தில் பிறைத்தளத்தின் (குழாயில் வளைந்து நிற்கும் திரவ மேற்பரப்பின்) அடிப்பகுதி தெரியாது என்பதால் மேல் விளிம்பையே படியுங்கள். குடுவையில் இருப்பது ஆக்சாலிக் அமிலமானால் 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிய பின் தொடங்குங்கள். முதல் சில துளிகள் நிறம் மாறாமல் அப்படியே நிற்பதைக் கண்டு முடிவுநிலை வந்துவிட்டதாக நினைத்து அளவைக் குறித்துவிட்ட பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். சற்றுப் பொறுத்துக் குடுவையைச் சுழற்றினால் அந்த நிறம் மறையும், அதற்குப் பின் விழும் துளிகள் உடனுக்குடன் நிறமிழக்கும். வினையில் உண்டாகும் மாங்கனீசு(II) அயனியே அந்த வினையை விரைவுபடுத்துகிறது. தன்வினைவேகமாற்றி என்று வேகவியலில் படித்தது இதுதான். இதை விடத் தெளிவாக அதை எந்தக் கரும்பலகையும் காட்ட முடியாது.

வாடிப்பட்டி மாணவர்: நீட் தேர்வுக்கும் பொதுத்தேர்வுக்கும் தனித்தனியாகப் படிக்க வேண்டுமா?

பாடத்தை ஒரே முறையாகப் படித்து, பயிற்சியை மட்டும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நீட்டில் வேதியியலுக்கு 45 வினாக்கள், 180 மதிப்பெண்கள். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும். பொதுத்தேர்வில் எழுத்துத்தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. திடநிலைமையும் புறப்பரப்பு வேதியியலும் 2024 முதல் நீட் பாடத்திட்டத்தில் இல்லையென்றாலும், பொதுத்தேர்வுக்காக அவற்றைப் படித்தே ஆக வேண்டும்.

அவனியாபுரம் தாயார்: என் மகள் மருத்துவமோ பொறியியலோ வேண்டாம், வேதியியல்தான் படிப்பேன் என்கிறாள். பயமாக இருக்கிறது.

அம்மா, ஒரு பாடத்தின் மீது பிள்ளைக்குத் தானாக விருப்பம் வருவது அரிது, அதைத் தடுத்துவிடாதீர்கள். நீங்கள் தலையில் சூடும் மதுரை மல்லியின் மணத்தில் பெரும் பங்கு வகிக்கும் பென்சைல் அசிட்டேட், பென்சைல் ஆல்கஹாலிலிருந்து வரும் ஓர் எஸ்டர் (ஆல்கஹாலும் அமிலமும் இணைந்து உண்டாகும் சேர்மம்); அதே ஆல்கஹாலைத்தான் அவள் கன்னிசாரோ வினையில் எழுதிக்கொண்டிருக்கிறாள். நறுமணப் பொருள், சாயம், மருந்து, மின்கலம் என்று இந்தப் படிப்புக்கு வேலை உள்ள துறைகள் பல. நம் பக்கத்துக் காரைக்குடியிலேயே, அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பேருந்தில் ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். பார்வையாளர்களை அனுமதிக்கும் நாளை விசாரித்துக்கொண்டு, அவளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். நீங்களும் உடன் சென்று பாருங்கள்.