யாரிடம் முறையிடுவது?

வணக்கம் ஐயா,

வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான். டிப்ளமோ முடித்துவிட்டு மணலியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறேன். குரூப் 4 தேர்வுக்கும் படிக்கிறேன். ஓர் அறை வீட்டில் ஐந்து பேர். தனியார் நிறுவன நேர்காணல்களில் என் முகவரியைப் படித்ததும் எதிரே இருப்பவரின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். வேலை முடிந்ததும் நண்பர்களோடு உட்கார்ந்து இதையெல்லாம் பேசித் தீர்ப்பதுதான் எனக்கு ஆறுதல். "எப்போது பார்த்தாலும் புலம்பாதே, நம்ம பக்கத்துப் பொண்ணு காசிமா அமெரிக்கா போய் கேரத்துல ஜெயிச்சிட்டு வரலையா?" என்கிறார் அக்கா. எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலையும் நல்ல எண்ணத்தோடுதான் சுவாசிக்க வேண்டுமா? குறையைச் சொல்வதே குற்றமா?

கே.

அன்புள்ள கே.,

குற்றமில்லை. உங்கள் பகுதிக்குக் கிடைத்த நன்மைகளில் பல, யாரோ சிலர் குறை சொன்னதால் கிடைத்தவை. வடசென்னையில் இருந்த பின்னி துணி ஆலைத் தொழிலாளர்கள் உணவு இடைவேளை போதவில்லை என்றும், மேலதிகாரிகளின் கொடுமை தாங்க முடியவில்லை என்றும் செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோரிடம் மனம் விட்டுச் சொன்னதிலிருந்துதான் 1918 ஏப்ரலில் பி. பி. வாடியாவின் தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. (1921 வேலைநிறுத்தத்தின்போது அதே தொழிலாளர்கள் சாதியால் பிளவுபட்டு, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்ததையும் மறைத்துவிட்டு இதைச் சொல்லக்கூடாது.) 2023 டிசம்பர் 26 இரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலையின் அமோனியா கசிந்தபோதும், மூச்சுத் திணறி வீதிக்கு ஓடிவந்த மக்கள் அங்கேயே அமர்ந்து போராடினார்கள், ஆலையின் இயக்கம் நிறுத்தப்பட்டது, பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அவர்களிடம் போய் நல்லதையே நினையுங்கள் என்று சொல்லியிருந்தால் அது அறிவுரையாக இருந்திருக்காது, அவமதிப்பாகவே இருந்திருக்கும்.

ஆனால் அந்த இரண்டு இடங்களிலும் முறையீட்டைக் கேட்டுப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் எதிரே இருந்தார். உங்கள் மாலைநேரப் பேச்சில் அப்படி யார் இருக்கிறார்? உங்களைப் போலவே களைத்துப்போன நண்பர்கள்தான் இருக்கிறார்கள். சாம்பலுக்கு அவர்கள் பொறுப்பல்லர். உங்கள் வீட்டை அவர்களால் பெரிதாக்கவும் முடியாது. துயரைப் பகிர்ந்துகொள்வது மனித இயல்பு, அதில் குறைகாண மாட்டேன். எனினும் நாள்தோறும் அதே குறையை அதே ஆட்களிடம் சொல்லும்போது, தேர்வில் தோற்றால் சொல்லவேண்டிய காரணத்தையும் கூடவே தயார் செய்துகொள்கிறோம் என்பது என் எண்ணம். கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் படிப்பைப் பற்றி அரை வரிதான் இருந்தது.

உங்கள் அக்கா காட்டும் உதாரணத்துக்கு வருகிறேன். ஒருவரின் வெற்றியைக் காட்டி மற்றவர்களின் வாயை அடைப்பது எனக்குப் பிடிக்காத வழக்கம், ஏனெனில் வெல்ல முடியாமல் போனவர்களுக்கு மனவுறுதி இல்லை என்று அது மறைமுகமாகச் சொல்லிவிடுகிறது. காசிமா 2024 நவம்பரில் கேரம் உலகக் கோப்பையில் ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்று தங்கங்களை வென்றார். அவருடைய தந்தை ஆட்டோ ஓட்டுநர் என்பதை எல்லோரும் சொன்னார்கள். அந்தத் தந்தையே கேரம் பயிற்சியும் அளிப்பவர் என்பதை அதே அழுத்தத்துடன் சொன்னவர்கள் குறைவு. காசிமாவுக்கு முன்பே, 2008-இல் பிரான்சின் கான் நகரில் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிக்காரர்.

இந்த வெற்றிகள் கேரத்தில் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மைதானம் இல்லாத, வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் பகுதியில், பக்கத்துக்கு ஏறத்தாழ 74 சென்டிமீட்டர் உள்ள சதுரப் பலகையும், சுற்றி நான்கு பேர் உட்கார இடமும், மேலே ஒரு விளக்கும் இருந்தால் உலகத்தரத்தில் ஆடப் பழகிவிடலாம். நமக்கு இருக்கும் இடத்துக்குள் அடங்குவது எது என்று பார்த்து, அதை முழுவதுமாக எடுத்துக்கொண்ட ஒரு வட்டாரத்தின் பழக்கம் அது. நல்ல மனப்பான்மை என்று நான் ஏற்றுக்கொள்வது இதைத்தான். மற்றபடி எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அந்தக் கண்ணால் உங்கள் நிலையைப் பாருங்கள். குரூப் 4 தேர்வில் நேர்காணல் கிடையாது. 200 கேள்விகள், 300 மதிப்பெண். கேள்விகளில் பாதி தமிழிலிருந்து வருபவை. முகவரியைப் பார்த்து முகம் மாறக்கூடிய எவரும் அந்தத் தேர்வறையில் உங்கள் எதிரே உட்காரப்போவதில்லை. அப்படியொரு வாசலை நீங்களே தேர்ந்தெடுத்துவிட்டு, நேர்காணல்களில் பட்ட அவமானத்தைப் பேசிப் பேசி அதற்குரிய மாலைகளை இழப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த அவமானம் பொய் என்று சொல்லவில்லை. இந்தத் தேர்வைப் பொறுத்தவரை அதற்கு வேலை இல்லை, அவ்வளவுதான். ஐந்து பேர் இருக்கும் அறையில் படிக்க முடியாதென்பது உண்மை; ஆகவே கிளை நூலகத்தையோ, மற்றவர்கள் எழுவதற்கு முந்தைய விடியற்காலையையோ பயன்படுத்துங்கள். அந்த நண்பர்களில் ஒருவராவது இதே தேர்வுக்குப் படிப்பவராக இருப்பார். அவரைத் தமிழ்ப் பகுதியில் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். சந்திப்பை நிறுத்தவேண்டியதில்லை.

தெருவின் குறைகளை விட்டுவிடச் சொல்லவில்லை. குப்பையோ தெருவிளக்கோ, மாநகராட்சியின் 1913 எண்ணை அழைத்துப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் வார்டு உறுப்பினரிடம் எழுத்தில் கொடுங்கள். சாம்பல் ஒருவர் முறையிட்டுத் தீரும் விஷயமல்ல. எண்ணூர்ப் பக்கம் அதற்காகப் பல ஆண்டுகளாகப் போராடுபவர்கள் இருக்கிறார்கள். தேர்வு முடிந்த பிறகு அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள், படித்தவர்களின் துணை அவர்களுக்கும் தேவை.

அக்காவிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஜெயிப்பீர்கள் என்று நம்புவதால்தான் அவர் அந்தப் பெயரைச் சொல்கிறார்.